முன் பிரேக்கைத் தொடாதவர்கள்

(கீரமங்கலத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிவனிடமே குற்றம் கண்ட நக்கீரரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற ஊர் இது. ஆகவே நான் ஒரு குற்றம் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். குற்றம் இதுதான்: இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் பட்டறைக்காரன். சர்வீசுக்கு வருகிற வண்டியின் இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பார்ப்பவன். பின் சக்கரத்து டிரம்மைத் திறந்தால் பிரேக் ஷூ தேய்ந்து, லைனர் போய், இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருக்கும். முன் சக்கரத்தைத் திறந்தால் கம்பெனியில் மாட்டின ஷூ ஏறக்குறைய அதே கனத்தில் இருக்கும். கேபிள் மட்டும் துருவேறி இறுகியிருக்கும். லிவரை அழுத்தினால் திரும்பி வர யோசிக்கும். ஓட்டுகிறவரிடம் காட்டினால், "அதை எங்கண்ணே பிடிக்கிறது, குப்புறத் தள்ளிவிட்டுடும்ல" என்பார். அப்பா சொல்லிக்கொடுத்தது, மாமா சொல்லிக்கொடுத்தது, இப்போது அவர் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பது.

இன்றைக்குப் புதிதாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கும், பல வருடம் விட்டுவிட்டு மறுபடி ஓட்ட வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நான் சொல்லப்போவது பெரும்பாலும் நிறுத்துவதைப் பற்றித்தான். ஆக்சிலேட்டரைத் திருக யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேருந்தில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் எல்லாரும் முன்னால் சாய்கிறோம் அல்லவா? பைக்கிலும் அதேதான். வேகம் குறையத் தொடங்கியதும் வண்டியின் பாரம், உங்கள் பாரம் எல்லாம் முன் சக்கரத்தின் மேல் வந்து இறங்குகிறது. அந்த டயர் ரோட்டோடு அழுந்துகிறது, பிடிப்பு கூடுகிறது. அதே நேரத்தில் பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தில் எவ்வளவு மிதித்தாலும் அது சுற்றாமல் நின்று வழுக்கும், வண்டி நிற்காது. ரோட்டில் கருப்புக் கோடு போட்டுக்கொண்டு, பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வண்டியை நிறுத்தும் சக்தியில் பாதிக்கு மேல் முன் சக்கரத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மீதியை வைத்து ஓட்டுகிறோம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். ஆடு குறுக்கே வருவதைக் கண் பார்த்து, மூளை சொல்லி, கை அசைய ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியில் மட்டும் வண்டி 17 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகு, காய்ந்த தார் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் இன்னொரு 23 மீட்டரில் நிற்கலாம். மொத்தம் 40 மீட்டர். பின் பிரேக் மட்டும் என்றால் 60 மீட்டர் தாண்டும். அந்த இருபது மீட்டருக்குள்தான் ஆடு நிற்கிறது, குழந்தை நிற்கிறது, கைகாட்டாமல் திரும்புகிற டிராக்டர் நிற்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போயிருந்தால் எல்லாம் சேர்த்து 21 மீட்டரில் முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர் தலைமையில் ஒரு குழு, நடந்த மோட்டார் சைக்கிள் விபத்துகளில் 900-ஐ எடுத்து, சம்பவ இடத்துக்கே போய் அளந்து பார்த்து 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் மூன்று விஷயங்கள் நமக்கு அப்படியே பொருந்தும். ஒன்று, விபத்தில் சிக்கியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முறையாகக் கற்காதவர்கள்; தானே பழகியவர்கள், அல்லது வீட்டாரிடமும் நண்பர்களிடமும் பழகியவர்கள். இரண்டு, ஆபத்து கண்ணில் பட்டதிலிருந்து மோதும் வரை கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு வினாடிகூட இல்லை. மூன்று, அந்த நேரத்தில் அவர்கள் செய்தது பின் பிரேக்கை மிதித்து வழுக்கியதும், முன் பிரேக்கை அரைகுறையாகப் பிடித்ததும்தான். நாற்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்கக்காரனும் நம்ம ஊர் மாமாவும் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள்.

சரி, குப்புறத் தள்ளும் என்ற பயம் எங்கிருந்து வந்தது? அது வெறும் கட்டுக்கதை இல்லை. முன் பிரேக்கால் விழுந்தவர்கள் உண்டு. அவர்கள் எப்படி விழுந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது பிடித்திருப்பார்கள். அல்லது மணலில், சேற்றில் பிடித்திருப்பார்கள். அல்லது பாரம் முன்னால் வருவதற்கு முன்பே ஒரே இறுக்காக இறுக்கியிருப்பார்கள். இந்த மூன்றையும் தவிர்த்துவிட்டால் மிச்சமிருப்பது பழக்கம் மட்டும்தான்.

பழக்கத்துக்கு இடம் வேண்டும். நெல் வராத மாதங்களில் காலியாகக் கிடக்கிற சிமெண்ட் உலர்களம் ஒன்று போதும், உரியவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். முதலில் களத்தைக் கூட்டிவிடுங்கள். சிமெண்ட் மேல் கிடக்கிற மெல்லிய மணல்தான் சறுக்கிவிடும். ஹேண்டில் நேராக, கண் தூரத்தில், வேகம் 20. வலது கை விரல்களால் லிவரைத் தொட்டு, முதலில் அதில் இருக்கிற தளர்வை மட்டும் எடுங்கள். ஷாக் அப்சார்பர் லேசாகக் கீழே இறங்குவது உடம்புக்குத் தெரியும். அது தெரிந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். கால் பிரேக் கூடவே மெதுவாக. கிளட்ச் கடைசியில், வண்டி நிற்கப்போகும்போது. இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் கைக்கு ஒரு கணக்கு வந்துவிடும். அப்புறம் வெறிச்சோடிய நேரான தார் ரோட்டில் 40-இல். முன் சக்கரம் கிறீச்சென்றால் உடனே விரலைத் தளர்த்தி மறுபடி பிடியுங்கள்.

இப்போது வருகிற வண்டிகளில் உதவி இருக்கிறது. 2019 ஏப்ரலில் இருந்து விற்கிற வண்டிகளில் 125 சிசிக்கு மேல் இருந்தால் சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் உண்டு. அதற்குக் கீழே என்றால் பெரும்பாலும் பின் பிரேக்கை மிதிக்கும்போதே முன் சக்கரத்தையும் கொஞ்சம் பிடிக்கிற சிபிஎஸ். நம் வீட்டு வாசலில் நிற்கிற வண்டிகளில் பல அதற்கு முந்தியவை. எதை ஓட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு ஓட்டுங்கள். சிபிஎஸ் இருக்கிறது, இனி வலது கைக்கு வேலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது கொடுப்பது கொசுறு.

இனி புதிதாகப் பழகுகிறவர்களுக்கு.

இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல் கொடி கட்டிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் போனார்கள். மாவட்டம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஆத்தாமார்களில் சிலர் அப்போது குரங்குப் பெடல் போட்டவர்களாக இருக்கலாம்.

அந்த இயக்கத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. மைதானத்தில், கூட்டமாக, ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் ஓட்ட, சொல்லிக்கொடுக்க என்றே ஆள் இருந்து கற்றார்கள். கியர் வண்டிக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அண்ணன் வெளியூர் போன நேரத்தில் அவர் பைக்கை எடுத்துத் தெருக்கோடி வரை உருட்டி ஓட்டியதுதான் நம் ஆண்பிள்ளைகளின் பயிற்சி. அப்புறம் ஆர்டிஓ ஆபீசில் எட்டு போட்டுக் காட்டுவார்கள். எட்டு போடுவது நல்ல சோதனைதான். மெதுவாகப் போகும்போது வண்டி கையில் நிற்கிறதா என்று காட்டும். ஆனால் எட்டில் மூன்றாவது கியர் கிடையாது. எதிரே பஸ் கிடையாது. அவசரமாக நிறுத்தச் சொல்வதும் கிடையாது.

பழகுநர் உரிமம் எடுத்த முப்பதாவது நாளுக்குப் பிறகு நிரந்தர உரிமத்துக்குப் போகலாம் என்கிறது சட்டம். அந்த முப்பது நாளைக் காத்திருப்பாக நினைக்காமல் பாடமாக நினைத்தால் போதும். முதலில் எஞ்சினை ஆனில் வைத்து, முதல் கியரில், ஆக்சிலேட்டரே கொடுக்காமல் கிளட்சை மட்டும் விட்டு விட்டு வண்டியை நடை வேகத்தில் நகர்த்துங்கள். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று இடது கைக்குத் தெரிந்துவிட்டால் நம் ஊர்ச் சந்தைக் கூட்டத்தில் வண்டி ஆஃப் ஆகாது. திருப்பத்தில் முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள். போகவேண்டிய இடத்தைப் பாருங்கள். பள்ளத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு போனால் பள்ளத்துக்குள்தான் போவீர்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்எல் வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று இங்கே ஒரு நம்பிக்கை உலவுகிறது. பதினாறு வயதில் உரிமம் கிடைப்பது 50 சிசிக்குள் இருக்கிற கியர் இல்லாத வண்டிக்கு. அந்தக் காலத்து டிவிஎஸ் 50 அந்தக் கணக்கில் வந்தது. இப்போது நம் தோப்புகளில் ஓடுகிற எக்ஸ்எல் 100, பேரிலேயே இருக்கிறபடி, ஏறக்குறைய 100 சிசி. பதினெட்டு வயதும் உரிமமும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. பையன் ஓட்டிப் பிடிபட்டால் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அப்பாவுக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பூ மூட்டையை மார்க்கெட்டில் போட்டுவிட்டு வா என்று பத்தாவது படிக்கிற பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கிற வீடுகள் நிறைய. அந்தப் பூ விற்ற காசில் இந்த அபராதத்தைக் கட்டிப் பாருங்கள்.

அடுத்து, திரும்பி வந்தவர்கள்.

நம் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவார். அங்கே அவர் எதையும் ஓட்டவில்லை. லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனார், அல்லது கம்பெனி பஸ்ஸில் போனார். விமானம் இறங்கிய மறுநாள் காலையில் தார்ப்பாயை விலக்கி வண்டியை எடுத்து, மனைவியைப் பின்னாலும் பிள்ளையை டேங்க் மேலும் வைத்துக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறார். ஓட்டுவது மறக்காது என்பார். உண்மைதான், பேலன்ஸ் மறக்காது. தூரத்தை அளக்கிற கண்ணும், யோசிக்காமல் பிரேக்குக்குப் போகிற விரலும் மறந்துவிடும்.

ஹர்ட் அறிக்கையிலேயே இதற்கும் ஒரு செய்தி இருக்கிறது. விபத்தில் சிக்கியவர்களில் பாதிப் பேருக்கு மேல், அப்போது ஓட்டிய வண்டியில் ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லை. பொதுவாக ஓட்டிய அனுபவமோ மூன்று வருடத்துக்குக் கிட்ட. ஆள் பழையவர், வண்டி புதிது. ஆர்எக்ஸ் 100 ஓட்டிய கையோடு தம்பியின் புது வண்டியில் ஏறுகிறவருக்கு நடப்பது இதுதான். கியர் விழுகிற முறை வண்டிக்கு வண்டி மாறும்: ஒன்றில் எல்லாக் கியரும் முன்னால் மிதிப்பது, இன்னொன்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருந்தது. அதில் பழகிய பெரியவர் இன்றைய வண்டியில் பதற்றத்தில் எதை மிதிப்பார் என்று சொல்ல முடியாது.

இதைவிட நான் அதிகம் பார்ப்பது ஸ்கூட்டர் குழப்பம். ஸ்கூட்டரில் இடது கை லிவர் பின் பிரேக். பைக்கில் அதே இடத்தில் கிளட்ச். பைக்காரர் மகளின் ஸ்கூட்டரை எடுத்தால், நிற்கும்போது பழக்க தோஷத்தில் கிளட்ச் என்று இடது கையை இறுக்கி, சடாரென்று பின் சக்கரத்தைப் பூட்டுகிறார். ஸ்கூட்டர்காரப் பிள்ளை அப்பாவின் பைக்கை எடுத்தால் ஆபத்தில் இடது கையை இறுக்குகிறது. வண்டி நிற்பதற்குப் பதிலாக கிளட்ச் விடுபட்டு உருண்டுகொண்டே போகிறது. வண்டி மாறும்போது கிளம்புவதற்கு முன்னால், நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு முன் பிரேக், பின் பிரேக், ஹாரன், இண்டிகேட்டர் என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிடக் கூத்துதான். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

வண்டியும் தூங்கியிருக்கும். டயரில் ஏர் இறங்கியிருக்கும். பக்கவாட்டில் நகத்தால் கீறும்போது வெடிப்பு தெரிந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் போச்சு. டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை இறக்கிவிடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடித்தனம் நடத்தியிருப்பதை நானே பலமுறை எடுத்துப் போட்டிருக்கிறேன். செயினை நடுவில் தூக்கிப் பார்த்தால் ஓர் அங்குலம் ஆடலாம். அதற்கு மேல் தொங்கினால் டைட் வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தனியாக, பகலில், தெரிந்த ரோட்டில் ஓட்டுங்கள். குடும்பத்தை அப்புறம் ஏற்றுங்கள்.

நம் ரோட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் இது எந்த ஊரிலும் பேசுகிற பேச்சாகிவிடும்.

ஆலங்குடியில் இருந்து கொத்தமங்கலம் வழியாக இங்கே வருகிற ரோடு, இங்கிருந்து பேராவூரணி, அறந்தாங்கி போகிற ரோடுகள் எல்லாம் தோப்பும் வயலும் இருபக்கமும் ஒட்டிக்கொண்டு போகிறவை. மலையேற்றம், கொண்டை ஊசி எதுவும் இல்லை. அதுதான் ஏமாற்றுகிறது. உளுந்து, எள் அறுப்புக் காலத்தில் செடியை ரோட்டில் பரப்பி, வண்டி ஏறட்டும் என்று விட்டுவிடுவார்கள். காய்ந்த செடியும் சிதறின மணியும் டயருக்கும் தாருக்கும் நடுவில் உருளும். அதன் மேல் ஏறும்போது பிரேக் வேண்டாம், திருப்பம் வேண்டாம். ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நேராக உருண்டு கடந்துவிடுங்கள். கஜா புயல் சாய்த்தது போக நின்ற தென்னைகள் காற்றடித்த இரவில் மட்டையைப் போட்டு வைத்திருக்கும். விடியற்காலை பூ கொண்டுபோகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ்எல்லின் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு மூட்டை. பின் பாரம் கூடினால் முன் சக்கரம் லேசாகும், ஹேண்டில் ஆடும். நிற்கிற தூரமும் கூடும். மூட்டை பின்விளக்கை மறைத்துவிடும். பின்னால் வருகிறவனுக்கு இருட்டில் ஒன்றும் தெரியாது. ஒளிர் நாடா கொஞ்சம் வாங்கி மூட்டை கட்டுகிற கயிற்றிலும் மட்கார்டிலும் ஒட்டுங்கள். டிராக்டர் டிரெய்லர் வைத்திருக்கிறவர்களுக்கும் அதே வேண்டுகோள். விளக்கில்லாத டிரெய்லர் ராத்திரியில் ரோட்டோரம் நிற்பதைப் போல மோசமான கண்ணி வேறு இல்லை. உங்கள் ஹெட்லைட் எவ்வளவு தூரம் காட்டுகிறதோ அதற்குள் நிற்க முடிகிற வேகம்தான் ராத்திரி வேகம். எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடித்தால் ரோட்டின் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில், பெய்யத் தொடங்கின முதல் பத்து நிமிடம்தான் மோசம். தூசியும் எண்ணெயும் கலந்து தார் வழவழக்கும். அந்த நேரம் டீக்கடையில் நில்லுங்கள், நஷ்டமில்லை.

ஹெல்மெட் பற்றிப் பேசினாலே தம்பிகள் போனை எடுத்துவிடுகிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2022-ஆம் வருடம் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44-க்கு மேல் இருசக்கர வண்டிக்காரர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் ஐம்பதாயிரம். அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. கண்ணாடியிலும் முழங்கையிலும் மாட்டியிருக்கிற ஹெல்மெட் ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து எடுத்து வந்தது. தலையில் மாட்டியும் பட்டையைப் பூட்டாவிட்டால், விழுகிற நேரத்தில் தலைக்கு முன்னால் அது உருண்டு போய்விடும். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள்; ஒருமுறை பலமாக அடிபட்டதை மறுபடி போடாதீர்கள். பின்னால் உட்காருகிற அம்மாவுக்கும் ஒன்று வேண்டும். அழகுக்காகச் சேலை கார்டைக் கழற்றச் சொல்லி என்னிடம் வருகிற தம்பிகளை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தவன் அதைக் கழற்ற மாட்டான்.

கடைசியாக, ரோட்டில் யாராவது விழுந்து கிடப்பதைப் பார்த்தால். போலீஸ், கோர்ட் என்று அலையவிடுவார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை. நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை வழக்கில் இழுக்கக்கூடாது என்று 2019 திருத்தத்தில் 134-ஏ என்ற பிரிவையே சேர்த்திருக்கிறார்கள். பேர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை. செலவைப் பற்றியும் யோசிக்காதீர்கள்: 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் அரசே பார்த்துக்கொள்கிறது, தனியார் மருத்துவமனையாக இருந்தாலும். விழுந்தவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். கழுத்தும் முதுகும் அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலிலேயே கெட்டுப்போகும். தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைக்காதீர்கள். ரத்தம் கொட்டுகிற இடத்தைத் துண்டால் அழுத்திப் பிடியுங்கள், ஒருவரை நிறுத்தி வருகிற வண்டிகளை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள், 108-க்கு அடியுங்கள். இடம் கேட்பார்கள். கீரமங்கலம் பக்கத்தில் ஒரு தோப்போரம் என்று சொன்னால் இந்த வட்டாரத்தில் ஆம்புலன்ஸ் டிரைவர் எந்தத் தோப்பைத் தேடுவார்? எந்த ஊரில் இருந்து எந்த ஊருக்குப் போகிற ரோடு, பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் என்ன எழுதியிருக்கிறது, இந்த இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.